ஜோடி மேஸ்திரி

உக்காருங்க தாயி. அந்த நாற்காலி ஆடும், இந்த ஸ்டூலைப் போட்டுக்கங்க. இம்புட்டு வெயில்ல நடந்தா வந்தீக? ஏய் செவனம்மா, காலேஜ்ல இருந்து ஒரு பிள்ளை வந்திருக்கு, மோர் கரைச்சுக் கொண்டா.

ம், கேளுங்க. இந்தக் காலனியில புருசன் பொண்டாட்டி தீத்துக்கிட்டவுக எத்தனை பேருன்னா கேக்குறீக? அதுக்குச் சரியான ஆளுகிட்டத்தான் வந்திருக்கீக. ஒருத்தரும் இல்லை. நாப்பத்திரெண்டு வீடு, நாப்பத்திரெண்டு ஜோடி, பதினாலு வருசம். ஒரு ஜோடி பிரியல. எம்பேரு ஒச்சப்பன். மில்லுல ஜோடி மேஸ்திரின்னாத்தான் தெரியும். இத்தனை ஜோடியையும் ஊரு ஊராப் போய்க் கூட்டியாந்து சேத்தவன் நான். போன வருச விழாவுல மேனேஜரே மேடைக்குக் கூப்பிட்டு மாலை போட்டாரு, எம்பொண்டாட்டியையும் பக்கத்துல நிப்பாட்டி.

சண்டையே இல்லையான்னா, அது எப்படித் தாயி இல்லாம இருக்கும்? குடும்பம்னா நாலும் இருக்கும். ஏழாம் நம்பர்ல அந்தப் பொம்பளைக்கு முன்பல்லு ரெண்டு கிடையாது, புருசன் போட்ட போடு. ஆனா பிரியல. பத்தொம்பதாம் நம்பர்ல அவ கொதிக்கிற கஞ்சியைத் தூக்கி அவன் முதுகுல ஊத்திட்டா. தோலு உரிஞ்சு, வாழை இலையில படுத்துக் கெடந்தான் ஒரு மாசம். ஆனா பிரியல. இருபத்தாறுல ரெண்டு பேரும் கதவைச் சாத்திக்கிட்டு அடிச்சுக்கிருவாக, வெளிய வரையில சிரிச்ச மூஞ்சியா வருவாக. அதுதான் குடும்பம்ங்கிறது. பொறுத்துப் போகணும்.

எங்க ஊருல முன்னாடி இந்தப் பொறுமை கிடையாது. பொட்டலூத்துன்னு, இங்கிருந்து மேக்க ஒம்பது மைலு. அங்க துரும்பு வழக்கம். உங்களுக்குத் தெரியாதுல்ல? புருசனுக்கும் பொண்டாட்டிக்கும் ஒத்து வரலைன்னா, பெரியாளுக நாலு பேரைக் கூட்டுவாக. புருசன் ஒரு வைக்கத் துரும்பை எடுத்து ரெண்டாக் கிள்ளி, பொண்டாட்டியோட அண்ணன் தம்பி கையில குடுப்பான். அவன் வாங்கிக்கிட்டா முடிஞ்சுபோச்சு. அவ பாட்டுக்கு அவ, அவன் பாட்டுக்கு அவன். ஆனா அண்ணன்காரன் கைதான் வாங்கணும். அவன் உசுரோட இருக்கையில வேற எவன் வாங்குனாலும் செல்லாது. கோர்ட்டு, வக்கீலு, ஒண்ணும் கிடையாது. காலையில துரும்பு வாங்கிட்டு, கதிர் அறுப்புக்குப் போனவளுகளும் உண்டு.

எங்காத்தா ரெண்டு தடவை துரும்பு வாங்குனவ. சொல்லவே வெக்கமா இருக்கு. மூணாவதாக் கட்டுனவருதான் எங்கய்யா. அவருக்கு நானும் எந்தங்கச்சி விருமாயியும். பள்ளிக்கூடத்துல பயலுக கேப்பானுக, ஒங்காத்தா அடுத்து எந்த ஊருக்குடான்னு. நான் எத்தனை பேரு மண்டையை உடைச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது. எங்காத்தா செத்தப்ப முந்தின புருசனுக ரெண்டு பேரும் கோடித் துணி எடுத்துட்டு வந்து, எங்கய்யாவோட ஒரே பெஞ்சுல உக்காந்து வெத்தலை போட்டுக்கிட்டு அழுதாக. எனக்கு மண்ணுக்குள்ள போயிரலாம் போல இருந்துச்சு. குளிப்பாட்டுன பொம்பளைக சொன்னாளுக, எழுபது வயசுக் கட்டையில ஒரு தழும்பு இல்லைன்னு. அப்படி இருந்து என்ன பண்ண? பேரு கெட்டுப்போச்சுல்ல.

மில்லு வந்துதான் எங்க சனத்துக்கு மானம் மரியாதை வந்துச்சு.

முதல்ல கல்யாணம் ஆகாத பிள்ளைகளைத்தான் வேலைக்கு எடுத்தாக. ஹாஸ்டல் கட்டி, கேட்டைப் பூட்டி வச்சும் நிக்கல. இவன் கூட அவ ஓடிட்டா, அவன் கூட இவ ஓடிட்டான்னு தெனம் ஒரு பஞ்சாயத்து. அப்பத்தான் மேனேஜரு ஒரு யோசனை பண்ணாரு. புருசன் பொண்டாட்டியாச் சேத்து எடுப்போம். ரெண்டு பேருக்கும் ஒரே மெஷினு, ஒரே ஷிப்டு, காலனியில ஒரே வீடு. ஒருத்தரு நின்னா ரெண்டு பேருமே நின்ன மாதிரி. பிரிஞ்சா அன்னைக்கே வீட்டைக் காலி பண்ணணும். கல்யாணத்தைப் பதிவு பண்ணி, ரெண்டு பேரு போட்டோவும் ஒட்டி ஒரே கார்டு. அதுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுற ஆளுதான் மேஸ்திரி. அவன் சேத்த ஜோடி பிரிஞ்சா மேஸ்திரி வேலையும் போகும், மேஸ்திரி வீடும் போகும்.

அதனாலதான் நான் விட மாட்டேன். எவன் வீட்டுல சத்தம் கேட்டாலும் போயிருவேன். முதல்ல நல்லபடியாச் சொல்லுவேன். கேக்கலையா, அவனுக்கு ரெண்டு, அவளுக்கு ஒண்ணு. அடிச்சுட்டு உக்கார வச்சு, ஒரே தட்டுல சோத்தைப் போட்டுத் திங்க வச்சுட்டுத்தான் வருவேன். எங்கையில அடி வாங்காத ஜோடி இந்தக் காலனியில இல்லை.

எந்தங்கச்சி ஜோடியைக் கேக்குறீகளா? அது முப்பத்தொண்ணாம் நம்பரு.

அவ புருசன் பேரு பெத்தணன். ஊருல ஆடு மேச்சவன். கிடை போட்டுக்கிட்டு மாசக்கணக்கா வெளியூர்லயே கிடப்பான். எப்பவாச்சும் வீட்டுக்கு வருவான். வந்தா ரெண்டு பேரும் வாசல்ல உக்காந்து சிரிச்சுப் பேசிக்கிட்டு இருப்பாக, நானே பாத்திருக்கேன். நாலாம் நாளு கெளம்பிருவான். இது என்ன பொழப்பு, புருசன் ஒரு பக்கம் பொண்டாட்டி ஒரு பக்கம்னு நான்தான் ஆட்டை வித்துட்டு வாங்கடான்னு கூட்டியாந்து மில்லுல சேத்தேன். அவனுக்கு மனசே இல்லை. தங்கச்சிக்கும் அம்புட்டாப் பிடிக்கல. நான்தான் விடல.

வந்த முதல் மாசமே கை நீட்டிட்டான். மெஷின்ல நூலு அறுந்துக்கிட்டே இருக்கும் தாயி, அறுந்ததைக் கண்ணு மூடித் தொறக்குறதுக்குள்ள ஒட்டணும். அவனுக்கு ஆட்டைப் பிடிச்ச கை, நூலு எங்க வரும்? அவ ஒட்டிருவா, அவன் முழிப்பான். சூப்பர்வைசரு அவளுக்கு முன்னாடியே அவனை வஞ்சுட்டுப் போவாரு. எட்டு மணி நேரம் அவ பக்கத்துல நின்னு வசவு வாங்கணும், பெறகு வீட்டுக்குப் போனா அங்கயும் அவதான். ஒரு நாளு பொறுக்க மாட்டாம மெஷின்கிட்டயே அவ கன்னத்துல அறைஞ்சுட்டான். எந்தங்கச்சி என்ன லேசுப்பட்டவளா? கையில இருந்த, நூலு சுத்துற பாபினைக் கொண்டு அவன் புருவத்துல ஒரு குத்து. நாலு தையல்.

அதுல இருந்து தெனம் அதே கூத்துதான். அவன் அவ விரலை முறிச்சான். அவ அவன் காதைக் கடிச்சா, காது நுனியே இல்லை இப்ப அவனுக்கு. அவன் பெல்ட்டால விளாசுவான், அவ கரண்டியைக் காய வச்சு இழுப்பா. நான் போய்ப் போய் ரெண்டு பேரையும் சாத்திட்டு வருவேன். ஒரு தடவை அவ வக்கீலைப் பாக்குறேன்னு பஸ் ஏறிட்டா. நான் பைக்குல போய்ப் பஸ்ஸை மறிச்சு, முடியைப் பிடிச்சு இறக்கிக் கூட்டியாந்தேன். பஸ்ஸே வேடிக்கை பாத்துச்சு. அண்ணன்னு ஒருத்தன் இருந்தா இப்படி இருக்கணும்னு ஒரு கிழவரு சொன்னாரு.

ரெண்டு வருசத்துக்கு முன்னாடி மாசிக்கு எல்லாரும் பொட்டலூத்துக் கோயிலுக்குப் போயிருந்தோம். கிடா வெட்டு முடிஞ்சு, பெரியாளுக வேப்ப மரத்தடியில உக்காந்திருக்காக. பெத்தணன் வர்றான். குளிச்சு, வெள்ளைச் சட்டை போட்டு, ஒரு சொட்டு குடிக்காம. நேரா எம்முன்னாடி வந்து நின்னான். கையைப் பாத்தா துரும்பு.

அவன் கத்தல, ஒண்ணும் செய்யல. சொன்னான்:

"மச்சான், நானும் கெட்டவன் இல்லை, அவளும் கெட்டவ இல்லை. இப்படியே கிடந்தா ஒருத்தரை ஒருத்தரு கொன்னுபுடுவோம். பழையபடி ஆடு மேய்க்க நான் போறேன். கையை நீட்டுங்க."

சொல்லிட்டுத் துரும்பைக் கிள்ளிப்புட்டான். அவனுக்குப் பின்னாடி எந்தங்கச்சி நிக்கிறா. தலையைக் குனிஞ்சு நிக்கல, என் மூஞ்சியைப் பாத்துத்தான் நிக்கிறா.

"வாங்கிக்கண்ணே."

அம்புட்டுத்தான் சொன்னா. பெரியாளுக யாரும் மறுத்துப் பேசல. ஒருத்தரு, வாங்கு ஒச்சப்பா, நல்லபடியாப் போகட்டும்னாரு. நான் கையை நீட்டணும், அவ்வளவுதான் வேலை. நீட்டியிருந்தா ஒரு நிமிசத்துல முடிஞ்சிருக்கும்.

எப்படித் தாயி நீட்டுறது? எங்காத்தா பேரு திரும்ப வந்து நிக்குமே. அது போகட்டும், மேனேஜருக்கு என்ன சொல்லுறது? சொந்தத் தங்கச்சியே பிரிஞ்சுட்டா, மத்த ஜோடியை எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு அடக்குறது? எம்பொண்ணுக ரெண்டும் அப்பக் கம்பெனிப் பள்ளிக்கூடத்துல படிக்குதுக. வீடு போனா, பள்ளிக்கூடமும் போச்சு. இம்புட்டும் ஒரு நொடியில எனக்குள்ள ஓடுது. அவன் துரும்பை நீட்டிக்கிட்டே நிக்கிறான்.

ஒதைச்சேன். நெஞ்சுல ஒதைச்சேன். விழுந்தவன் மேல ஏறி உக்காந்து வாயிலயே குத்துனேன். எங்கை முட்டி கிழிஞ்சு ரத்தம், அவன் வாயெல்லாம் ரத்தம். அவன் திருப்பி அடிக்கல தாயி, அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அந்தத் துரும்பைப் பிடுங்கி அவன் வாயிலயே திணிச்சேன். முழுங்குடா, இனிமே இந்தப் பேச்சு வந்துச்சு, கிடாவுக்கு அடுத்தது நீதான்னேன். தங்கச்சி வந்து என்னைய இழுத்தா. அவளையும் புறங்கையால ஒரு போடு போட்டேன், மரத்து வேருல போய் விழுந்தா. பெரியாளுக எந்திரிச்சுப் போயிட்டாக. போகையில ஒரு ஆளு என்னையப் பாத்து, மூணு பேரு குடியையும் கெடுத்துட்டியேடான்னாரு. அவருக்கு என்ன தெரியும், அவரு எந்த மில்லுல வேலை பாத்தாரு?

அன்னைக்குச் சாயந்தரமே வேன்ல ஏத்திக் கூட்டியாந்துட்டேன். ரெண்டு பேரும் ஒரே சீட்டுல உக்காந்து வந்தாக. சரி, அடங்கிட்டாகன்னு நெனச்சேன்.

பங்குனியில நடந்துச்சு. காலை ஷிப்டு, பத்து பத்தரை இருக்கும். உள்ள போய்ப் பாத்திருக்கீகளா? மெஷினு ஓடுற சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் கத்துனாலும் கேக்காது. ரெண்டு வரிசைக்கு நடுவுல ஒரு ஆளு போற சந்து. நான் இந்தக் கோடியில நிக்கிறேன். அந்தக் கோடியில ரெண்டு பேரும் மூஞ்சிக்கு நேரா மூஞ்சி வச்சு நிக்கிறாக. ஏதோ பேசுறாகன்னு நெனச்சேன். பெறகு பாத்தா அவன் ரெண்டு கையும் அவ கழுத்துல இருக்கு. அவ காலு தரையில இல்லை.

ஓடுனேன். நான் போறதுக்குள்ள அவ எப்படியோ முழங்காலைத் தூக்கி ஒரு எத்து எத்திட்டு விடுபட்டுட்டா. விடுபட்டவ வெளிய ஓட வேண்டியதுதானே? ஓடல. பக்கத்துல பாபின் அள்ளுற இரும்பு வண்டி, ரொம்பி நிக்குது. அதைப் பிடிச்சுத் தள்ளிக்கிட்டுப் போய் அவன் இடுப்புல மோதுனா. மெஷினுக்கும் வண்டிக்கும் நடுவுல அவன் மாட்டிக்கிட்டான். பின்னாடி இழுத்தா. திரும்ப மோதுனா. இழுத்தா. திரும்பவும். நான் போய்ச் சேரையில நாலு தடவையோ அஞ்சு தடவையோ ஆயிருச்சு. அவன் வாயைத் தொறந்து கத்துறான், ஒண்ணுமே கேக்கல. அவ மூஞ்சியில கோவமே இல்லை தாயி. நூலு ஒட்டுறப்ப இருக்கிற மூஞ்சிதான். நான் அவ இடுப்பைக் கட்டி இழுக்குறேன், வண்டியை விட மாட்டேங்குறா. அவ விரலை ஒவ்வொண்ணாப் பிரிச்சு எடுத்தேன்.

சுத்தி நின்னவுக யாரும் மெஷினை நிப்பாட்டல. நிப்பாட்டுனா ஏன் நிப்பாட்டுனேன்னு எழுதிக் குடுக்கணும்ல.

வண்டி சரிஞ்சு விழுந்து அடிபட்டுருச்சுன்னு எழுதி நானே கையெழுத்துப் போட்டேன். போலீசுக்குப் போயிருந்தா அவளும் உள்ள போயிருப்பா, வீடும் போயிருக்கும். ஆஸ்பத்திரியில ஒண்ணரை மாசம் வச்சிருந்தாக. முதுகெலும்பு நொறுங்கிப்போச்சு, இடுப்புக்குக் கீழ இனிமே ஒண்ணும் வராதுன்னுட்டாரு டாக்டரு.

ஜோடி உடைஞ்சுதான போச்சு, வீட்டைக் காலி பண்ணச் சொல்லுன்னாரு மேனேஜரு. நான் காலுல விழுந்துட்டேன். பிரியல சார், புருசன் வீட்டுலதான் இருக்கான், மெஷின்ல அவன் பக்கத்தையும் எந்தங்கச்சியே சேத்துப் பாத்துருவா சார்னேன். அவரும் நல்ல மனுசன், ஒத்துக்கிட்டாரு. இப்ப ரெண்டு பக்கமும் அவ ஒருத்திதான் ஓடுறா. மில்லுல அவ அளவுக்கு நூலு எடுக்குறவ இன்னைக்கு எவளும் இல்லை. வீட்டுக்கு வந்தா அவனுக்குச் சோறு ஊட்டணும், பீ மூத்திரம் அள்ளணும், தொடைச்சு விடணும். எல்லாம் அவதான். யாரையும் உள்ள விடுறதில்லை. எம்பொண்டாட்டி போனாக்கூட வாசலோட அனுப்பிருவா. மேனேஜரு அதைத்தான் மேடையில சொன்னாரு, கட்டுனவனை இப்படிப் பாத்துக்கிற பொம்பளை எந்த ஊருல இருக்கான்னு. கை தட்டுனாக.

தொடைச்சு விடையில நகம் படத்தான செய்யும்? அவன் மூஞ்சியெல்லாம் கீறலா இருக்கு. புரட்டிப் போடுறப்ப கட்டில் சட்டம் இடிச்சிருக்கும், நெத்தி வீங்கிப்போயிருந்துச்சு. படுத்தே கிடக்குறவனுக்குப் பசி எடுக்காது, அதான் எலும்பும் தோலுமா ஆயிட்டான்.

நீங்க என்ன தாயி அப்படிப் பாக்குறீக?

சரி, சொல்லிர்றேன். எம்பொண்டாட்டி செவனம்மாகிட்டக்கூடச் சொல்லல. போன வாரம் அவ ஷிப்டுக்குப் போயிருக்கையில, மேஸ்திரின்னு என்கிட்ட இருக்குற சாவியைப் போட்டுத் தொறந்து உள்ள போனேன். தண்ணிச் செம்பு கட்டிலுக்குக் கீழ, அவன் கைக்கு ஒரு சாண் எட்டாத இடத்துல இருக்கு. எடுத்துக் குடுத்தேன். மடக்கு மடக்குன்னு குடிச்சான். குடிச்சுட்டு எங்கையைப் பிடிச்சுக்கிட்டான். சின்னப் பிள்ளை பிடிக்கிற மாதிரி.

"மச்சான், என்னைய ஒங்க வீட்டுக்குத் தூக்கிட்டுப் போங்க. என்னைய அவ கொஞ்சங் கொஞ்சமாக் கொல்லுறா."

பொம்பளைக்குப் பயப்படுறியாடான்னு சிரிச்சேன். சிரிச்சேனே தவிர, தாயி, செம்பைக் கீழ வைக்காம அவன் கைக்கு எட்டுற மாதிரிக் கட்டில் மேலயே வச்சேன். அப்பப் பாத்து, ஷிப்டு விட்டுக் கதவு தொறக்குது. அவ நிக்கிறா. அவ கேட்டிருக்கா. நான் மெதுவாச் சொன்னேன், விருமா, கொஞ்ச நாளைக்கு மாப்ளையை நான் கூட்டிட்டுப் போறேன், நீயும் பாவம், உனக்கும் ஒரு ஓய்வுன்னு. அவ சோத்துத் தூக்கை இறக்கி வச்சா. என்னைய நிமிந்து பாத்தா. கோயில்ல பாத்தாளே, அதுக்கப்புறம் அவ என் மூஞ்சியைப் பாத்தது அன்னைக்குத்தான்.

"அனுப்ப மாட்டேண்ணே. நீ சேத்து வச்சது."

நான் வெளிய வந்துட்டேன். வேற என்ன செய்ய? தூக்கிட்டு வந்திருக்கலாம், எடை ஒண்ணும் இல்லை அவன். தூக்கிட்டு வந்தா ஜோடி பிரிஞ்சதாத்தான அர்த்தம்? எம்மூத்த பொண்ணுக்கு வைகாசியில கல்யாணம் வச்சிருக்கோம். மாப்பிள்ளை வீட்டுக்காரவுக இந்த வீட்டையும் எம் பேரையும் பாத்துத்தான் ஒத்துக்கிட்டாக. வைகாசி முடியட்டும். முடிஞ்சதும் ஏதாவது பண்ணணும். அது வரைக்கும் அவன் தாங்கணும்.

எந்திரிச்சுட்டீகளா? மோரைக் குடிக்கவே இல்லையே. எங்க போறீக, முப்பத்தொண்ணுக்கா? வேணாம் தாயி. நான் சொன்னதைப் போய் அங்க கேட்டுறாதீக, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும். இப்பத்தான் ஷிப்டு விட்டு வந்திருப்பா. முப்பத்திரெண்டுல கேளுங்க, அவுக நல்ல சனம், எல்லாம் சொல்லுவாக. இடையில அந்த வீட்டைத் தாண்டித்தான் போகணும். உள்ள சத்தம் கேக்கும். நிக்காமப் போயிருங்க.